அரிவாள் நோய்க்கு மருந்து வந்துவிட்டது! விலை பதினெட்டுக் கோடி!

2023 டிசம்பர் 8ந் தேதி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா ஒரு புதிய சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. மூன்று வாரத்துக்கு முன்பே, நவம்பர் 16ந் தேதி, பிரிட்டன் அனுமதித்துவிட்டது. சிகிச்சையின் பெயர் காஸ்ஜெவி. ஜீன் என்கிற மரபணுவை உள்ளே புகுந்து வெட்டித் திருத்துகிற முறையில், உலகத்தில் அனுமதி பெற்ற முதல் சிகிச்சை இதுதான். அரிவாள் அணு ரத்தசோகை என்ற பரம்பரை வியாதிக்கு அது மருந்து.

விஞ்ஞானத்தின் மகத்தான வெற்றி. சந்தேகமே இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தைத் துரத்தி வந்த வியாதியை மனிதன் மடக்கிப் பிடித்துவிட்டான். கைதட்ட வேண்டிய விஷயம்.

கைதட்டுவதற்குள் விலைச் சீட்டு வந்தது. ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர்! அன்றைய நாணய மாற்றுப்படி ஏறத்தாழ 18 கோடி ரூபாய்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 300 நாள் வேலை. (எந்தப் புண்ணியவான் 300 நாள் வேலை தருகிறான் என்று சண்டைக்கு வராதீர்கள், கணக்குக்காகச் சொல்கிறேன்.) வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். சோறு தின்னாமல், துணி உடுத்தாமல், ஒரு பைசாக்கூடச் செலவழிக்காமல் சேர்த்தால் 18 கோடி சேர 1,200 வருஷம் பிடிக்கும். காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா ஆண்ட காலத்தில் வயலில் இறங்கிய கூலியாள் இன்றைக்குத்தான் கரையேறித் தன் ஒரு பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க முடியும். இரண்டாவது பிள்ளைக்கும் அதே நோய் என்றால் இன்னொரு 1,200 வருஷம்!

யாருக்கு வருகிற வியாதி?

சரி, பணக்காரனுக்கு வருகிற வியாதி, பணக்காரன் கொடுக்கிறான், நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

2021ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இந்த வியாதியோடு பிறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் நாலில் மூன்று பங்குக்கு மேல் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். நாடுவாரியாகப் பார்த்தால் முன்வரிசையில் நிற்பவை நைஜீரியா, காங்கோ, இந்தியா. இந்தியாவில் எங்கே? குஜராத்திலிருந்து ஒடிஸா வரையில் காட்டிலும் மலையிலும் வாழும் ஆதிவாசி மக்களிடத்தில். நம்முடைய நீலகிரியில்.

1952ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். இருளர், பணியர், குறும்பர் ரத்தத்தில் இந்த அரிவாள் அணுக் கூறு இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். அதே 1952ல் மேல் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடத்திலும் இது கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, இந்தியாவில் இந்த வியாதி முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே ஆதிவாசியின் உடம்பிலும் தோட்டக் கூலியின் உடம்பிலும்தான். ரத்தம் எடுத்தது 1952ல். மருந்து வந்தது 2023ல். 71 வருஷம் கழித்து வந்த மருந்தின் மேல் ஒட்டியிருக்கிற விலை 18 கோடி.

வியாதி என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நாலு நாள் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

நல்ல ரத்தத்தில் சிவப்பணு வட்டமாக, இருபுறமும் நடுவில் சற்று அமுங்கினாற்போல் இருக்கும். மெத்தென்று இருப்பதால் மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாயிலும் வளைந்து நெளிந்து போய்விடும். இந்த நோயாளியின் சிவப்பணு, சுமந்து வந்த பிராணவாயுவை இறக்கி வைத்ததும் விறைத்துப்போய், நம் கையிலிருக்கும் கதிர் அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிறது. மடையில் முள்ளு அடைத்தாற்போல் ரத்தக் குழாயில் அடைத்துக்கொள்கிறது. அதற்கு அப்பால் எலும்புக்கும் சதைக்கும் பிராணவாயு போகாது. வலி! எலும்புக்குள் இருந்து கிளம்புகிற வலி. நாட்கணக்கில் நிற்கும். நல்ல சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். இந்த அணு 10, 20 நாளில் உடைந்துபோகும். ஆகவே எப்போதும் ரத்தம் குறைவு, எப்போதும் களைப்பு. பச்சைப் பிள்ளைக்குப் பக்கவாதம் வருவதும் உண்டு.

இந்த ஆள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனால் என்ன பேர் வாங்குவான்? சோம்பேறி! நடிக்கிறான்! பாதி நாள் வேலைக்கு அரை நாள் கூலி! உடம்பு முழுவதும் அரிவாளாக இருக்கிற மனிதனைப் பார்த்து மேஸ்திரி சொல்கிற வார்த்தை இது.

இவ்வளவுக்கும் மூலகாரணம் ஒரே ஓர் எழுத்து. நம் உடம்பை எப்படி உண்டாக்குவது என்ற விவரம் ஒவ்வோர் அணுவிலும் ரசாயன எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்து. அதில் சிவப்பணுவின் சாயப் பொருளான ஹீமோகுளோபினுக்குரிய இடத்தில் ஓர் எழுத்து மாறி விழுந்திருக்கிறது. மில் தோழர்களுக்குச் சொன்னால் சட்டென்று விளங்கும். 300 கோடி இழை ஓடுகிற பாவு. ஒரே ஓர் இழை மாறிப்போயிற்று. துணி முழுவதும் சேதம்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதி நமக்குக் கிடைக்கிறது. ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்தால் வியாதி இல்லை, சாதாரணமாக வாழலாம். இரண்டிலும் பிழை இருந்தால்தான் வியாதி. தாயும் தகப்பனும் ஒவ்வொரு பிழைப் பிரதி வைத்திருந்தால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

இதைக் கேட்டதும் சிலபேர் கிளம்பிவிடுவார்கள். "பார்த்தீர்களா! கீழ்ஜாதி ரத்தமே கெட்ட ரத்தம்!" என்பார்கள். பூர்வ ஜன்மப் பாவம் என்பார்கள். 1954ல் ஆலிசன் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்காவில் ஆராய்ந்து இவர்கள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டார். பிழைப் பிரதி ஒன்று மட்டும் உள்ளவர்களைக் கொடிய மலேரியா சுலபமாகக் கொல்வதில்லை என்று அவர் நிரூபித்தார். மலேரியா கொன்று குவித்த காடுகளில் மனிதன் பிழைத்திருக்க உதவியது இந்த எழுத்து. அது சாபமல்ல, காப்பு. அந்தக் காப்புக்கு நாலில் ஒரு பிள்ளை விலை கொடுத்தது. ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் இந்தியாவிலும் மலேரியா இருந்த பூமியிலெல்லாம் இந்த எழுத்து இருக்கிறது. மலேரியாவுக்கு ஜாதி தெரியாது.

யார் கண்டுபிடித்த சொத்து?

இப்போது கம்பெனிக்கு வருவோம். காஸ்ஜெவியை விற்பது அமெரிக்காவின் வெர்டெக்ஸ் கம்பெனி. கூட்டாளி கிரிஸ்பர் தெரபியூட்டிக்ஸ். "நாங்கள் கண்டுபிடித்தோம், நாங்கள் விலை வைக்கிறோம்" என்பதுதான் இவர்கள் தரப்பு நியாயம்.

நீங்களா கண்டுபிடித்தீர்கள்? பார்ப்போமே!

1910ல் சிகாகோவில் ஹெரிக் என்ற டாக்டர், கிரனடா தீவிலிருந்து படிக்க வந்த ஒரு கறுப்பு மாணவரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுவைக் கண்டு எழுதினார். 1948ல் ஜேனட் வாட்ஸன் என்ற பெண் டாக்டர், இந்த நோயோடு பிறக்கும் சிசுக்களின் ரத்தத்தில் அரிவாள் அணு குறைவாக இருப்பதைக் கவனித்தார். 1949ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், கோளாறு ஹீமோகுளோபினில்தான் என்று காட்டினார்கள். 1956ல் இங்கிராம் என்பவர் கேம்பிரிட்ஜில், பிரிட்டிஷ் சர்க்கார் பணத்தில் நடந்த ஆராய்ச்சிக்கூடத்தில், கோளாறு இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சுட்டிக்காட்டினார். அப்போது இந்த வெர்டெக்ஸ் எங்கே இருந்தது? பிறக்கவே இல்லை.

ஜேனட் வாட்ஸன் கவனித்ததில்தான் இன்றைய சிகிச்சையின் உயிர்நாடி இருக்கிறது. தாய் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேலை செய்வது வேறு வகை ஹீமோகுளோபின். அதை முதல் ஷிப்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த சில மாதத்தில் முதல் ஷிப்டு வீட்டுக்குப் போய்விடும். பெரியவர்களுக்கான ஹீமோகுளோபின், இரண்டாவது ஷிப்டு, வேலைக்கு வரும். பிழை இருப்பது இரண்டாவது ஷிப்டில். அப்படியானால் முதல் ஷிப்டையே திரும்ப வேலைக்கு அழைத்துவிட்டால் என்ன? அதை வீட்டுக்கு அனுப்புகிற மேஸ்திரி யார்?

அந்த மேஸ்திரியை 2008ல் கண்டுபிடித்தார்கள். இத்தாலியின் சார்டினியா தீவில் ஒரு பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஊர்களில் சுமார் 6,000 பேர் ஆராய்ச்சிக்காகத் தங்கள் ரத்தத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் ஜீன்களையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்ததில் பி.சி.எல்.11ஏ என்ற ஜீன் அகப்பட்டது. இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையம் பணம் கொடுத்தது. பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த ஆர்க்கின் என்பவரும் அவருடைய மாணவர் விஜய் சங்கரனும் அதே ஆண்டில், முதல் ஷிப்டை நிறுத்தி வைக்கிற மேஸ்திரி இந்த ஜீன்தான் என்று நிரூபித்தார்கள். 2013ல் அதே ஆராய்ச்சிக்கூடம், அந்த மேஸ்திரியை ரத்த அணுவில் மட்டும் வாய் மூட வைப்பதற்கு எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதையும் காட்டிவிட்டது. காஸ்ஜெவி வெட்டுவது அந்த இடத்தைத்தான்!

சரி, வெட்டுகிற கத்தி? கத்தியாவது கம்பெனியின் சொந்தச் சரக்கா? அதுவும் இல்லை. கத்தி பாக்டீரியாவினுடையது.

பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். தாக்கிய வைரஸின் எழுத்தில் ஒரு துண்டை வெட்டித் தன் ஜீன்களுக்கு நடுவில் பத்திரப்படுத்திக்கொள்வது பாக்டீரியாவின் வழக்கம். மறுபடி அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிப் போடும். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே இது நடந்துகொண்டிருக்கிறது. 1987ல் ஜப்பானில் இஷினோ என்பவர் குழுவினர் பாக்டீரியாவில் இந்த விசித்திரமான எழுத்து வரிசையைக் கண்டார்கள், காரணம் தெரியவில்லை. ஸ்பெயின் நாட்டில் மோஹிகா என்பவர் உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலும் அதே வரிசை! விடாமல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து, இது வைரஸை எதிர்க்கும் ஏற்பாடு என்பதை 2005ல் பிரசுரித்தார். 2007ல் தயிரும் சீஸும் உறைய வைக்கிற பாக்டீரியாவில் சோதித்து உறுதிப்படுத்தினார்கள். 2012ல் ஷார்பென்டியே, டௌட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் இந்த இயற்கைக் கத்தியை மனிதன் வேண்டிய இடத்தில் வெட்டுகிற கருவியாக மாற்றினார்கள். 2020ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கருவிக்குத்தான் கிரிஸ்பர் என்று பெயர்.

உப்பளத்து உயிர், தயிர்ப் பானையின் உயிர், சார்டினியாக்காரர்களின் ரத்தம், கறுப்பு நோயாளிகளின் ரத்தம், நூறு வருஷத்து ஆராய்ச்சி, ஜனங்களின் வரிப்பணம். இத்தனையும் சேர்ந்து விளைந்த பயிர் இது. கம்பெனி எப்போது வந்தது? கதிர் முற்றி அறுப்புக்கு வந்தபோது.

கம்பெனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. சோதனை நடத்தியது, தொழிற்சாலை கட்டியது. 2019ல் மிஸிஸிப்பி மாகாணத்தின் விக்டோரியா கிரே என்ற கறுப்புப் பெண்மணி, அந்த நாட்டில் இந்த நோய்க்கு முதல் ஆளாகத் துணிந்து தன் உடம்பைச் சோதனைக்குக் கொடுத்தார். அவரை வாட்டிய வலி விலகியது. அனுமதிக்கு முன் போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஒரு வருஷம் கடும் வலித் தாக்குதலே இல்லை. நல்ல காரியம்தான். கடைசி மூட்டையைக் களத்திலிருந்து வண்டியில் ஏற்றியதற்குக் கூலி உண்டு, கொடுப்போம். முழு விளைச்சலையும் கேட்டால்?

மேல்வாரக் கொள்ளை

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அந்தக் கத்தி யாருக்குச் சொந்தம் என்று அமெரிக்காவில் பெரிய வழக்கு நடந்தது. ஒரு பக்கம் கலிபோர்னியா சர்வகலாசாலை. மறுபக்கம் பாஸ்டன் பகுதியின் பிராட் நிலையம். வருஷக்கணக்காக வக்கீல்கள் வயிறு வளர்த்தார்கள். 2022 பிப்ரவரியில் பேடண்டு இலாகா பிராட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே மாதத்தில் மேல் கோர்ட்டு அதை ரத்துசெய்து மறுபடி விசாரிக்கும்படி திருப்பி அனுப்பியது. பாக்டீரியாவுக்கு மட்டும் ஒரு வக்கீல் கிடைத்திருந்தால் இரண்டு பேரையும் வெளியே தள்ளியிருக்கும்!

இந்தச் சண்டைக்கு நடுவில் நடந்த கூத்துதான் முக்கியம். பிராட் நிலையத்தின் பேடண்டை வாங்கி வைத்திருப்பது எடிடாஸ் என்ற கம்பெனி. காஸ்ஜெவியைச் செய்தது அந்தக் கம்பெனி அல்ல. ஆனாலும் 2023 டிசம்பரில் வெர்டெக்ஸ் அதற்கு முன்பணமாக 5 கோடி டாலர் கொடுத்தது. 2034 வரையில் வருஷந்தோறும் 1 கோடி முதல் 4 கோடி டாலர் வரை லைசென்ஸ் கட்டணம் கட்டுவதாக ஒப்பந்தம். எதற்கு? "எங்கள் வேலிக்குள் நடந்துபோனாயே, அதற்கு!"

விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நிலத்தில் கால் வைக்காமல், கலப்பை பிடிக்காமல், பட்டாவைப் பெட்டியில் பூட்டிவைத்து மேல்வாரம் அளக்கச் சொன்ன மிராசுதாரைப் பார்த்தவர்கள் நாம். அவனாவது நெல்லுக்குக் கேட்டான். இவர்கள் உயிருக்குக் கேட்கிறார்கள். இந்த மேல்வாரம் எல்லாம் கடைசியில் யார் தலையில் விழுகிறது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவன் தலையில்!

"செலவாகிறதே!" என்கிறார்கள்

கம்பெனிகளுக்காகப் பேசுகிற பொருளாதாரப் புலிகள் இரண்டு வாதம் வைத்திருக்கிறார்கள்.

முதல் வாதம்: செய்முறை கடினம், செலவு அதிகம். கடினம்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்து மூல அணுக்களைப் பிரித்து, தொழிற்சாலைக்கு அனுப்பி, ஜீனை வெட்டி, பரிசோதித்து, திரும்பக் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குள் பலத்த மருந்து கொடுத்து நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். தலைமயிர் உதிரும், பிள்ளை பெறும் சக்தியே போகலாம். வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். எல்லோருக்கும் ஏற்ற சிகிச்சை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் செலவு 18 கோடிதானா? நம்மூர்க் கணக்கைப் பார்ப்போம். ரத்தப் புற்றுநோய்க்கு ஜீன் மாற்றிய அணுக்களால் செய்யும் சிகிச்சை ஒன்று அமெரிக்காவில் 3, 4 கோடி ரூபாய். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியும் சேர்ந்து உருவாக்கிய அதே வகைச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஏழைக்கு எட்டாத விலைதான்; இருந்தாலும் பத்தில் ஒன்பது பங்கு எங்கே போயிற்று என்று கேட்கலாம் அல்லவா? வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில், ரத்தம் உறையாத ஹீமோபீலியா வியாதிக்காரர் 5 பேருக்கு இதேபோல் மூல அணுக்களை எடுத்து, ஜீனைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். ஐவருக்கும் ரத்தப்போக்கு நின்ற சேதி 2024 டிசம்பரில் பிரசுரமானது. வேலூரில் செய்ய முடிகிற வேலை இது. பாஸ்டன் தண்ணீர் குடித்தால்தான் வரும் என்பதில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் அபாரம். "இந்த நோயாளிக்கு ஆயுள் முழுவதும் ஆகிற வைத்தியச் செலவைக் கூட்டிப் பாருங்கள், அதை மிச்சப்படுத்துகிறோம், ஆகவே அந்த அளவுக்கு விலை வைப்பது நியாயம்" என்கிறார்கள். கிணற்றில் முழுகுகிறவனிடம் கயிற்றை நீட்டிக்கொண்டே, "உன் உயிர் என்ன பெறும்? அதைக் கொடு, கயிற்றை விடுகிறேன்" என்று பேரம் பேசுவதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் பொருளாதார சாஸ்திரம்! கயிற்றுக்குக் கயிற்றின் விலைதானே கேட்க வேண்டும்? 2024ல் வெர்டெக்ஸ் கம்பெனிக்கு வந்த வருமானம் 1,100 கோடி டாலர். முழுகிக்கொண்டிருந்தவர்கள் வேறு யாரோ!

விலை என்பது வானத்திலிருந்து விழுவதல்ல. 2001ல் எய்ட்ஸ் மருந்துக்கு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பம்பாய் சிப்ளா கம்பெனி 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. ஆகாயக் கோட்டை சரிந்தது. சிப்ளாவும் முதலாளிதான், தர்மசத்திரம் அல்ல. ஆனால் 1970ம் வருஷத்து நம் பேடண்டு சட்டம் மருந்துப் பொருளுக்கே ஏகபோகம் கொடுக்க மறுத்திருந்தது. அதனால் முடிந்தது. 2005ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நிர்ப்பந்தத்தில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்திய சட்டத்திலும் ஓர் ஆயுதம் மிஞ்சியிருக்கிறது. 84வது பிரிவு: ஜனங்களுக்குக் கட்டுப்படியாகாத விலை என்றால், பேடண்டுக்காரன் சம்மதம் இல்லாமலே இன்னொருவருக்குக் கட்டாய லைசென்ஸ் கொடுக்கலாம். 2012 மார்ச்சில் கொடுத்தார்கள். பேயர் கம்பெனி மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற புற்றுநோய் மருந்தை ஹைதராபாத் நாட்கோ கம்பெனி 8,800 ரூபாய்க்கு விற்றது. 2,80,000 எங்கே, 8,800 எங்கே! அதற்குப் பிறகு, 2013லும் 2016லும் வேறு மருந்துகளுக்காக வந்த மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். ஆயுதம் இருக்கிறது, எடுக்கக் கை நடுங்குகிறது.

டெல்லியில் செய்த கத்தி

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2023 ஜூலை 1ந் தேதி பிரதம மந்திரி மத்தியப் பிரதேசம் ஷாதோலில் அரிவாள் அணு நோய் ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்துவைத்தார். 17 மாகாணங்களில் 40 வயது வரையிலுள்ள 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை. 2047க்குள் நோயை ஒழிப்பது லட்சியம். தமிழ்நாடும் அதில் உண்டு. பரிசோதித்தவர்களுக்குக் கார்டு கொடுக்கிறார்கள். கார்டைப் பார்த்துக் கல்யாணம் பேசு என்கிறார்கள். பிழைப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லதுதான், ஆட்சேபம் இல்லை. ஆனால் கார்டு வலியை நிறுத்துமா? பிறந்துவிட்ட பிள்ளைக்குக் கார்டைக் கரைத்துக் கொடுக்க முடியுமா?

2025 நவம்பரில் இன்னொரு சேதி வந்தது. டெல்லியில் மத்திய சர்க்காரின் விஞ்ஞான ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஜீன் ஆராய்ச்சி நிலையம் சொந்தமாக ஒரு கிரிஸ்பர் கத்தியை உண்டாக்கி, இந்த நோய்க்கு ஒரு சிகிச்சையை உருவாக்கியிருக்கிறது. வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற ஆதிவாசி வீரன் பிர்ஸா முண்டாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்: பிர்ஸா 101. அந்த விஞ்ஞானிகளைத் தோளில் தூக்கிக் கொண்டாட வேண்டும். நம் வரிப்பணத்தில் நம்மவர்கள் செய்த சாதனை.

செய்முறையை யாரிடம் ஒப்படைத்தார்கள்? பூனாவின் சீரம் இன்ஸ்டிட்யூட்டிடம்! குறைந்த விலையில் கிடைக்கும் என்று சொல்கிறார்கள். எவ்வளவு குறைவு? இதே கம்பெனி 2021 ஏப்ரலில், ஜனங்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரே கொரோனா தடுப்பூசிக்கு மூன்று விலை சொன்னதை மறந்துவிட முடியுமா? மத்திய சர்க்காருக்கு 150 ரூபாய், மாகாண சர்க்காருக்கு 400 ரூபாய், தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 ரூபாய். கூச்சல் கிளம்பிய பிறகு 400ஐ 300 ஆக்கினார்கள். கூச்சல் கிளம்பியதால்தான் 100 ரூபாய் குறைந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே கேட்கிறோம். பிர்ஸாவின் பெயரை வைத்தவர்கள், அந்த ஒப்பந்தத்தை ஜனங்கள் முன்னால் வையுங்கள். உச்ச விலை அதில் எழுதப்பட்டிருக்கிறதா, இல்லையா? ஆதிவாசிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாமாகக் கிடைக்கும் என்று ஷரத்து உண்டா? கம்பெனி விலையை ஏற்றினால் செய்முறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை ஆராய்ச்சி நிலையத்துக்கு இருக்கிறதா? பொதுத்துறைத் தொழிற்சாலையில் ஏன் செய்யக்கூடாது?

இது மட்டும் போதாது. ஜீன் வெட்டும் சிகிச்சை கூடலூர் மலை ஏறி வருவதற்குள் எத்தனையோ பிள்ளைகள் வலியில் துடிக்கும். இன்றைக்கே கொடுக்கக்கூடிய மருந்து ஒன்று இருக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா என்று பெயர். காஸ்ஜெவி கத்தியால் செய்கிற காரியத்தில் ஒரு பகுதியை, முதல் ஷிப்டை வேலைக்கு அழைக்கிற காரியத்தை, இந்த மாத்திரை ஓரளவுக்குச் செய்கிறது. வலித் தாக்குதல் குறைகிறது, ஆயுள் நீள்கிறது. பழைய மருந்து, மலிவான மருந்து. சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. மலிவு என்பதால் இதற்காக எந்தக் கம்பெனியும் தம்பட்டம் அடிப்பதில்லை. டாக்டர் பார்த்து, ரத்தம் பரிசோதித்து, விடாமல் கொடுக்க வேண்டும். நடுவில் பத்து நாள் சரக்கு இல்லை என்று கையை விரித்தால் நோயாளி கெட்டான்.

கூடலூர், பந்தலூர் தோட்டத் தோழர்களும் ஆதிவாசி மக்கள் மத்தியில் வேலை செய்கிற தோழர்களும் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா ஆஸ்பத்திரியிலும் சென்ற ஒரு வருஷத்தில் ஹைட்ராக்ஸியூரியா எத்தனை நாள் இருப்பில் இருந்தது, எத்தனை நாள் இல்லை, கார்டு வாங்கிய நோயாளிகளில் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்று எழுதிக் கேளுங்கள். 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி அவர்கள் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.